சீர்த்தட்டில் வந்த வீடியோ கேம்

கோவண்டி,
10 ஆகஸ்ட் 2025

தம்பி தளவாய்க்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்று கேட்கத் தோன்றவில்லை. நேற்றுதான் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறீர்கள். போனில் சொன்னால் "அக்கா, டென்ஷன் எடுக்காத" என்று சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் காகிதம். தாராவி முனிசிபல் பள்ளியில் தமிழ் படித்தவன்தானே, எழுத்துக் கூட்டியாவது படி.

செம்பூரில் உன் கேம் கடை திறப்புக்கு ஆரத்தித் தட்டோடு முதல் ஆளாக வந்து நின்றேன். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தப் பழைய வீடியோ கேமைப் பார்த்ததும் கண் கலங்கியது. பக்கத்தில் நீ எழுதி வைத்திருந்த அட்டையைப் படித்ததும் கலங்கிய கண் காய்ந்துவிட்டது. "1996. என் பத்து வயதில் தாய்மாமா மஸ்கட்டிலிருந்து எனக்குக் கொண்டுவந்தது."

எனக்கு! அந்த ஒரு சொல்லை எப்படியடா எழுதினாய்? லீவில் வருவதற்கு முன்னால் மாரீஸ்வரன் மாமா போன் செய்து, "ஒனக்கு என்னட்டி வேணும்?" என்று என்னைத்தான் கேட்டார். வீடியோ கேம் என்று நான்தான் சொன்னேன். அவர் வந்து இறங்கிய வாரம் நான் ஆளானேன். முதல் தண்ணீர் ஊற்றிய அன்று, பட்டுப்பாவாடைக்கும் வளையலுக்கும் நடுவே சீர்த்தட்டில் அதை வைத்தார். பெண்களெல்லாம் சிரித்தார்கள். அப்பா, "பொட்டப்புள்ளைக்கு இது என்னத்துக்கு? தளவாய்ட்ட குடு" என்று தட்டிலிருந்து எடுத்தார்.

அந்தப் பெட்டி என்னுடையது. திருப்பிக் கொடு.

உன் அக்கா,
செண்பகவல்லி

செம்பூர்,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் தமிழில் எழுதி இருபது வருடமாவது இருக்கும், பிழை இருந்தால் அடிக்க வராதே. நீ சாப்பிடாமல் கிளம்பியதற்குக் காரணம் இதுதானா? என் வீட்டுக்காரி முத்துமாரி உனக்குத் தலைவலி என்று நினைத்து உருகிக்கொண்டிருக்கிறாள்.

அரே அக்கா, ஓடாத ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கா இவ்வளவு? மாமாவிடமே கேட்டேன். "வீட்டுக்குன்னுதான் கொண்டாந்தேன், யாருக்குன்னு இப்ப என்னத்துக்குலே?" என்கிறார். அப்பா கொடுத்தார், நான் வாங்கினேன். பத்து வயதுப் பையன் வேண்டாம் என்றா சொல்வான்? முப்பது வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, நான் கடை திறந்த அன்றைக்கா உனக்கு ஞாபகம் வர வேண்டும்?

கடைக்கு வருகிறவர்கள் அதோடு நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் வாசல் மொட்டையாகிவிடும். உனக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன். உன் மகள் கோகிலாவும் விளையாடுவாள். கோபத்தை விடு.

அன்புத் தம்பி,
தளவாய்

கோவண்டி,
24 ஆகஸ்ட் 2025

தளவாய்,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை. புதிதாக ஒன்று வேண்டுமென்று உன்னிடம் யார் கேட்டார்கள்?

அட்டையோடு நிறுத்தியிருந்தால்கூட நான் விழுங்கியிருப்பேன். மைக்கைப் பிடித்து, "இந்த கேம நான் கண்ண மூடிக்கிட்டே ஆடுவேன், எங்க தெருவுல கேட்டுப் பாருங்க" என்றாயே. எல்லோரும் கைதட்டினார்கள். என் மகள் என் பக்கம் திரும்பி, "மம்மி, மாமா சச்மே, நெஜமாவே அப்படி ஆடுவாங்களா?" என்று கேட்டாள். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

கண்ணை மூடிக்கொண்டு ஆடியவள் நான். பதினாறு நாள். நம் ஒற்றை அறையில், பாத்திரம் கழுவும் மோரிக்குப் பக்கத்து மூலையில், அம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, தனித் தட்டும் தனித் தம்ளருமாக என்னை உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் டிவி, என் பெட்டி, நீ. எனக்குப் படம் கிடையாது, சத்தம் மட்டும்தான். நீ செத்துச் செத்து விழுந்த சத்தத்தை வைத்தே குழி எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பழகினேன். இசை தொடங்கி ஒன்பதாவது தாளத் தட்டில் குதிக்க வேண்டும். அதிலிருந்து ஏழாவதில் குனிய வேண்டும். "இப்பக் குதிலே!" என்று சேலைக்குப் பின்னாலிருந்து கத்துவேன். நீ குதிப்பாய். நாலாம் நாளே முதல் கோட்டையைத் தாண்டினாய். வாசலில் நின்று பார்த்த பிள்ளைகள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். அதையும் நான் காதால்தான் கேட்டேன்.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றித் திரையை அவிழ்த்ததும் ரிமோட்டுக்குக் கை நீட்டினேன். "போக்கா, ஒனக்கு ஆடத் தெரியாது" என்றாய். அப்பா சொன்னதில்லை அது, நீ சொன்னது. ஜூனில் உனக்குப் புதுப் பை வாங்கினார்கள். நான் ஏழாவதோடு அடுப்படிக்குப் போனேன். ஒரே வருடத்தில் என் பெட்டியும் போனது, என் பள்ளிக்கூடமும் போனது. பள்ளிக்கூடத்தை உன்னிடம் கேட்க முடியாது. பெட்டியைக் கேட்கலாம். கொடு.

செண்பகவல்லி

செம்பூர்,
2 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

பெட்டி இதோடு வருகிறது. சயானில் பழைய கேம்களைப் பழுதுபார்க்கும் கரீம் பாட்சா பாயிடம் காட்டினேன். உள்ளே ஒரு கம்பிதான் விட்டிருந்ததாம். இப்போது ஓடுகிறது. இரண்டு ரிமோட், கேசட், வயர் எல்லாம் வைத்திருக்கிறேன்.

எனக்கும் கோபம்தான். கடை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வாசலில் வெறும் கண்ணாடிக் கூண்டு நிற்கிறது. நீ எழுதியது ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. சேலைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் ஞாபகம் இருக்கிறது. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

தளவாய்

கோவண்டி,
14 செப்டம்பர் 2025

தளவாய்க்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. கோகிலா டிவியில் மாட்டிக் கொடுத்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அந்த ரிமோட்டைக் கையில் பிடித்தேன். குதிக்க எந்தப் பொத்தான் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, பிள்ளையிடம்தான் கேட்டேன். இசை தொடங்கியதும் எல்லாம் வந்துவிட்டது. எங்கே குழி, எங்கே குனிய வேண்டும், எத்தனையாவது தட்டு. வந்து என்ன? முதல் குழியிலேயே விழுந்தேன். காது சரியாகச் சொல்கிறது, விரல் கேட்க மாட்டேன் என்கிறது. பதினொரு தடவை விழுந்தேன். கோகிலா, "குடு மம்மி, நான் தாண்டித் தரேன்" என்று கை நீட்டினாள். அவள் மேல் பாய்ந்துவிட்டேன். பிள்ளை மிரண்டு போனாள், பாவம்.

பெட்டி வந்தால் கோபம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். கூடித்தான் போயிருக்கிறது. பதிமூன்று வயதில் இரண்டே நாளில் பழகியிருக்கும் கை இது. உன்னைத் திட்ட இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் வேலையெல்லாம் முடிந்து மத்தியானம் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதை உனக்குக் கடிதம் எழுதிக் கழிக்க மாட்டேன்.

முதல் கோட்டையை என் கையால் தாண்டும்வரை என் வாசலுக்கு வராதே. தாண்டியதும் நானே கூப்பிடுகிறேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஆடுவதைப் பார். வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா