நீலம் தடவாத ஐந்து குட்டிகள்

இன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் அந்தத் தீவனக் கடையைக் கடக்கும்போது, தவிட்டு வாசத்தோடு விற்றமின் பவுடரின் புளித்த மணமும் வந்தது. என்னைத் தனியே விட்டு நீங்கள் கண் மூடிய பிறகும் எதிர்ப் பக்கத்தாலேயே நடக்கிறவள் நான். இன்று நின்றுவிட்டேன்.

அந்த நாளில் நம் முகத்துவாரத்து வீட்டின் பின்னால், பால் மறக்கடித்த பத்துப் பன்றிக்குட்டிகள். தாயிடமிருந்து பிரித்ததும் கழிச்சல் கண்டு தேறாமல் நின்றன. பவுடரைத் தவிட்டில் கலந்து போடச் சொன்னார் கடைக்காரர். நீங்கள் நம்பவில்லை. கதவைத் தட்டுகிறவன் பொலிஸா, உளவு சொல்கிறவனா என்று பயந்த காலம். நீங்கள் எவரையும் நம்பவில்லை. ஐந்து குட்டிகளின் காதில் சட்டைக்குப் போடும் நீலத்தைத் தடவினீர்கள். அவற்றுக்கு மட்டும் பவுடர், மற்றவற்றுக்கு வெறும் தவிடு. "மனிசர் பொய் சொல்லுவினம். குட்டியள் சொல்லட்டும்" என்றீர்கள்.

நீலம் தடவாதவை முதுகெலும்பு தெரிய நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஹோட்டல்களில் மிச்சச் சோறு எடுக்க நீங்கள் போன நேரம், அவற்றுக்கும் ஒவ்வொரு கரண்டி பவுடர் போட்டேன். மாதம் முடிய, பத்தும் ஒரே அளவாய்த் தேறி நின்றன.

"பாத்தியே, வெறும் கோதம்ப மா. கள்ளன்" என்றீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். தவிட்டு வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

கடையில் போய்ச் சத்தம் போட்டீர்கள். அந்தக் கிழமையே பொலிஸ் சுற்றிவளைப்பில் உங்களைப் பிடித்துப் போனார்கள். பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, சண்டை பிடித்த கோபத்தில் கடைக்காரர்தான் காட்டிக் கொடுத்தார் என்றீர்கள். கண் மூடும்வரை அதே பேச்சு. தெருவெல்லாம் சொன்னீர்கள், நம் ஆட்கள் அங்கே போவதை விட்டார்கள். காட்டிக் கொடுத்தது யாரோ, எனக்குத் தெரியாது. அவரை இன்றும் முழுதாக நம்ப முடியவில்லை. பவுடரில் பொய் இல்லை, அது மட்டும் தெரியும்.

இன்று உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர், இப்போது கிழவர், தராசைத் துடைத்தபடி கேட்டார். கோபிக்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

"பத்தும் தேறினதே, பிள்ளை?"

"ஓம், பத்தும்."

"இதை உம்மட மனுசனுக்குச் சொன்னனீரோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊரில் ஒருவரையும் நம்பாமல் போனீர்கள். என்னை மட்டும் நம்பினீர்கள். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.