சும்மா கிடந்த கதிரை

கொழும்பு
12.3.1968

அன்பின் பூரணத்துக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நயினை அம்மனை நினைத்துக்கொள்கிறேன். கடையில் மூட்டை தூக்கிய முதுகை வெட்டித் தைத்துவிட்டார்கள். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இருமினால் மட்டும் உயிர் போய் வருகிறது. பழையபடி நடப்பேனோ என்று சில வேளை யோசனை வரும். நீர் யோசிக்க வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் ஊர்காவற்றுறை அருளப்பு. எனக்குப் பிறகு முதுகில் ஒப்பரேசன் செய்துகொண்டவர், இதற்குள் எழும்பி நடக்கிறார். மனைவி அந்தோனியம்மா தினமும் வந்து கையைப் பிடித்து நடத்துகிறா. பிடிக்க ஆளிருந்தால் நானும்தான் நடப்பேன். அவ தருகிற மீன் சொதி எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

நேற்று என் கட்டிலடியில், பார்க்க வருகிறவர்கள் இருக்கப் போட்ட கதிரை சும்மா கிடக்கிறதென்று, தன் பையை வைக்க அதையும் இழுத்தா. எனக்குப் பொறுக்கவில்லை.

"அதை விடுங்கோ, ஞாயிற்றுக்கிழமை என்ரை மனுசி வாறா" என்று சொல்லிவிட்டேன்.

உம்மை வரச்சொல்லி நான் எழுதவில்லை. புகையிலைக்குத் தண்ணீர் இறைப்பு இருக்கும், றெயில் பயணமும் அலுப்பு. முதுகுக்குக் கீழே விரிக்க உம்முடைய பழைய நூல்சேலை ஒன்றை அனுப்பினால் போதும். தோய்க்க வேண்டாம், உடுத்துக் களைந்தபடியே அனுப்பும்.

நேர்ஸ் ஊசியோடு வருகிறா, நிறுத்துகிறேன். கதிரையைத் தலைமாட்டுப் பக்கம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கனகசபை