குள்ளனுடைய நாய்க்குட்டிக்கு வந்த அரிப்பு

என் குள்ளாவுக்கு,

நிலைப்படியில் தலை இடிக்காமல் வீட்டுக்குள் வரமுடியாத உயரம் வளர்ந்த பிறகும் எனக்கு நீ குள்ளன்தான். நீ போய் ஏழு மாசம் ஆகுது. கோபத்தோட எழுதுறேன்டா தம்பி. உன் மேல கோபமா, என் மேலயான்னு எழுதி முடிக்கிறதுக்குள்ளயாவது தெரியுதா பார்ப்போம்.

நீ வேலை பார்த்த தோல் டேனரி வாசலில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே கிடந்துதுன்னு ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கிகினு வந்தியே. "பத்து நாள் வச்சிரு அக்கா, பேரு வச்சு நானே பாத்துக்கிறேன்"னு சொன்ன. ஒன்பதாம் நாள் காமாலைன்னு படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அதுக்குப் பேரும் வைக்கலை, அதைப் பார்த்துக்கவும் இல்லை.

உன் துணிமணியை எல்லாம் எடுத்துக் கொடுத்துட்டாங்க. கடைசியா வேலைக்குப் போட்டுகினு போன காக்கிச் சட்டையை மட்டும் நான் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளிச்சு வச்சேன். துவைக்கலை. துவைச்சா உன் வாசனை போயிடும். உன்னைத் தேடி ஊளையிட்ட குட்டியை அந்தச் சட்டையில் சுத்திப் படுக்க வச்சேன், உடனே அடங்கிச்சு. அந்த வாரமே சொறிய ஆரம்பிச்சுது.

வயிறு, தாடை, தொடை உள்பக்கம் எல்லாம் சிவந்து, முடி கொட்டி, பார்க்கச் சகிக்காது. பின்காலால் சொறியும்போது கால் தகரக் கதவில் பட்டு டபடபன்னு அடிக்கும். யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு எழுந்து போவேன். யாரோன்னு ஏன் பொய் சொல்றேன், நீன்னு நினைச்சுத்தான் போவேன்.

பம்மலில் இத்தனை வைத்தியருங்க இருக்காங்கன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா, "மீன் தலை போடாதடி, சூடு"ன்னாங்க. நிறுத்தினேன். உங்க மாமா கந்தகத்தை வேப்பெண்ணெயில் குழைச்சுத் தடவினார். குட்டி அதை நக்கி வாந்தி எடுத்து, வீடு ரெண்டு நாள் நாறிச்சு. பால்காரம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைக்கச் சொன்னாங்க. அதையும் பூசினேன். கறுப்புக் குட்டி பச்சையாச்சு, அரிப்பு போகலை. ஒவ்வொரு தடவையும் குளிப்பாட்டித் துவட்டி, பாவம் நடுங்குதேன்னு, திரும்ப உன் சட்டையிலயே சுத்தினேன்.

கடைசியில் பையில் போட்டு, பல்லாவரத்தில் ரயில் ஏறி, தாம்பரத்தில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனேன். எதிர் சீட்டு அம்மா கேட்குறாங்க, "இன்னாமே, பை ஆடுது, கோழியா?"

"ஆமாங்க"ன்னேன். அந்த நேரம் பார்த்துக் குரைச்சுது.

"உங்கூட்டுக் கோழி நல்லா கொரைக்குதே!" பெட்டியே சிரிச்சுது. நீ போனதுக்கப்புறம் நானும் அன்னிக்குத்தான் சிரிச்சேன். கொஞ்சம் வெட்கமாகூட இருந்துது.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் மாட்டோட நிக்கிறாங்க. கம்பவுண்டர், "தெரு நாய்க்கெல்லாமா சீட்டு எழுதுறது? பேஜாரு"ன்னார். டாக்டர் நல்ல மனுஷர். குட்டியைப் புரட்டிப் போட்டுப் பார்த்தார்.

"சொறிப்பூச்சின்னா காது ஓரம் முதல்ல முடி கொட்டும்மா. இதுக்குக் காது சுத்தமா இருக்கு. தரையில படுற இடமாப் பார்த்துச் சிவந்திருக்கு. எது மேல படுக்குது?"

"கோணி மேல சார்."

அப்படித்தான் சொன்னேன், குள்ளா. கோணிதான் விரிச்சிருந்தேன். அதுக்கு மேலே இருந்த சட்டை எனக்கு ஞாபகமே வரலை. உன் சட்டையை ஒரு சாமானா எண்ண எனக்குத் தோணலை.

"மருந்தை விட காரணந்தாம்மா முக்கியம். எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதீங்க. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க"ன்னு சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் சோப்பை நிறுத்தினேன். அடுத்த வாரம் தரைக்கு ஃபினாயில் போடுறதை. அதுக்கடுத்து கோணியையும் எரிச்சுட்டேன். அரிப்பு குறையலை. ஒரு நாள் ஆத்திரம் தாங்காம குட்டியை அடிச்சுட்டேன். அடி வாங்கினதும் அது எங்க ஓடிச்சு தெரியுமா? உன் சட்டைக்குள்ள.

அப்புறம் உங்க மாமாவோட தங்கச்சிக்குப் பிரசவம்னு கோவிலம்பாக்கம் போகவேண்டியதாச்சு. நூர்ஜகான் அக்காகிட்ட விட்டுட்டுப் போனேன். "தொழுவுற வூடு, நாயை உள்ளே சேர்க்க மாட்டேன். வாசல்ல வைக்கோல் போட்டுக் கட்டுறேன்"னாங்க. எட்டு நாள் கழிச்சு வந்து பார்க்குறேன், வயிறு வெளுத்து, புது முடி எட்டிப் பார்க்குது.

"என்னக்கா போட்டீங்க?"

"இன்னாத்தப் போட்டேன், மீன் தலைதான்."

"நீங்கதானே மீன் ஆகாதுன்னீங்க?"

"அது அழுதுச்சுடி, போட்டேன். ஏம்மா, என் வூட்ல அரிக்கல, உன் வூட்ல அரிக்குது. உன் வூட்டுலதான் இன்னாமோ கீது."

சுருக்குன்னு பட்டுது. என் வீட்டில் என்ன விஷமா இருக்குன்னு கத்திட்டு, குட்டியைப் பிடுங்கிகினு வந்தேன். வழக்கம்போல உன் சட்டையில் படுக்க வச்சேன். மூணாம் நாள் தகரக் கதவு டபடப.

அப்பத்தான் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். மாசக்கணக்கா எனக்கும் அங்கே ஒரு சிவப்புத் தடிப்பு. வேர்க்குருன்னு இருந்துட்டேன். யாரும் இல்லாத மத்தியானத்தில் அந்தச் சட்டையை அந்தக் கன்னத்தில்தானே வச்சுகினு உட்கார்ந்திருப்பேன்.

உடனே சட்டையைத் தூக்கிப் போட்டேன்னு நினைக்காதே. துவைச்சுட்டுப் பார்ப்போம்னு கிணத்தடிக்கு எடுத்துகினு போனேன். முதல் தண்ணி நீலமும் பச்சையுமா வந்துது. தோல் ஊற வைக்கிற மருந்துன்னு உங்க மாமா சொன்னார். மூணு தடவை துவைச்சு, வெந்நீரில் போட்டு, வெயிலில் காய வச்சுத் திரும்ப விரிச்சேன். திரும்பச் சொறிஞ்சுது. வாசனை போயிடுச்சு, குள்ளா. அரிப்பு போகலை. இது என்ன நியாயம்?

இப்போ குட்டி தேறிடுச்சு. நூர்ஜகான் அக்காகிட்ட போய், கத்தினது தப்புன்னு சொன்னேன். வைக்கோல் கொடுத்தாங்க. சட்டையை நீ தலை இடிச்சுக்குற நிலைப்படிக்கு மேலே ஆணி அடிச்சு மாட்டிட்டேன். குட்டிக்கும் எட்டாது, எனக்கும் எட்டாது.

ஆனா எனக்கு ஆத்திரம் அடங்கலை. ஒரு தெருக்குட்டிக்கு ரயில் ஏறிப் போனேன், ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்தேன். நீ எட்டு வருஷம் அந்த மருந்துத் தண்ணியில் கையை விட்டவன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போதுகூட மணிக்கட்டைத் தட்டு விளிம்பில் தேய்ப்ப. "சொறியாதடா, பார்க்க அசிங்கமா இருக்கு"ன்னு நான்தான் அதட்டுவேன். நீ முழுக்கையை இறக்கி விட்டுகினு, "கொசுதான் அக்கா"ன்னு சிரிப்ப. நானும் தேங்காயெண்ணெயைக் கொடுத்துட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இனிமே இந்த வீட்டில் நாய் சொறிஞ்சாலும் மனுஷர் சொறிஞ்சாலும் கொசுன்னு விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்குற வாக்கு. குட்டிக்கு இன்னும் பேர் வைக்கலை. வைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் கேட்கணும். பட்டப்பகலில், உச்சி வெயிலில், எந்தக் கொசுடா கடிச்சுது உன்னை?

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
ஸ்டெல்லா