தாளாளர் பீரோவில் என் சான்றிதழ்கள்

காளவாசல் பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச்சுவரில் உங்களுக்கு அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள், சார். கைகூப்பிச் சிரிக்கிறீர்கள். தலைக்கு மேலே 'கல்வி வள்ளல்' என்று பெரிய எழுத்து. நம் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம் அது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள்; உங்கள் தோளோரம் என் நீலச் சேலையின் கரை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசை இன்னும் காயவில்லை. பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

உங்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த அன்றே என் பட்டச் சான்றிதழ்களின் அசலை வாங்கி, உங்கள் அறை பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். "எல்லா டீச்சரோடதும் இங்கதான் இருக்கு. வீட்டுல வச்சா கரையான் அரிச்சுரும்மா" என்றீர்கள். பாதுகாப்புக்கு என்றே நம்பினேன். கணக்கில் மட்டும்தான் நான் கெட்டிக்காரி.

அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் நான் தேறிய வருஷம்தான் நீங்கள் தேர்தலில் நின்றீர்கள். சான்றிதழ்களைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். "தேர்தல் முடியட்டும் டீச்சர். ஜெயிச்ச மறுநாளே உங்க கையில தாரேன்." பள்ளி விட்டதும் எங்களை ஸ்கூல் வேனில் ஏற்றி, அவனியாபுரம் தெருக்களில் இறக்கிவிடுவார்கள். வாசல் வாசலாக நின்று, "எங்க சார் சொன்னா சொன்னதுதான்க்கா" என்று ஓட்டுக் கேட்டேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஜெயித்தீர்கள். எனக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கடிதம் வந்தது. திருநகரில் உங்கள் வீட்டு வாசலில், மாலையும் சால்வையுமாக நின்ற கூட்டத்தோடு மூன்று நாள் நானும் நின்றேன். மூன்றாம் நாள், காரில் ஏறப் போனவர் என்னைப் பார்த்து நின்றீர்கள். "பீரோ சாவியைக் காணோம் டீச்சர். இம்புட்டுக் கூட்டத்துல எங்கயோ விழுந்துருச்சு." முகத்தில் அப்படி ஒரு வருத்தம். வேறு வழியில்லாமல் நகல்களோடு போனேன். "ஒரிஜினல் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அடுத்த ஆள் வாங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"அந்த ஆளு வேணும்னேதான் பண்றாரு" என்றார் என் கணவர். உங்களுக்காக அவரோடு சண்டை போட்டு, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதமே சாவி கிடைத்துவிட்டது என்றீர்கள். அதற்குமேல் சான்றிதழை வாங்கி என்ன செய்ய? அடுத்த தேர்வு வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிட்டது. உங்கள் பள்ளியிலேயே கிடந்தேன்.

முந்தாநாள் உங்கள் மகன் பீரோவைத் திறந்து எல்லோருடைய சான்றிதழ்க் கவர்களையும் திருப்பிக் கொடுத்தார். "அப்பாவே போயிட்டாரு, இனிமே இதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்றார். என் கவருக்குள் சான்றிதழ்களோடு அந்தப் பழைய மனுவும் இருந்தது. ஓரத்தில் பச்சை மையில் உங்கள் கையெழுத்து: "கொடுக்க வேண்டாம். இவரைப் போலக் கணக்கு நடத்த வேறு ஆள் கிடையாது." அடியில், நான் மனு கொடுத்த அதே நாளின் தேதி. அப்படியானால் அவனியாபுரத்தில் நான் வாசல் வாசலாக நின்றபோதே அது முடிவான சங்கதி.

பதினெட்டு வருஷத்தில் நீங்கள் என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை, சார். அந்த வரியைப் படித்ததும், கோபம் வருவதற்கு முன்னால், ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் செய்ததைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடுவேன். அந்தப் பெருமையை மன்னிக்க என்னால் முடியவில்லை.