சாயாத வண்டி

என் வாயாடிக்கு,

உன் இடுப்புவலி குறைந்ததா? அத்தையை விசாரித்ததாகச் சொல். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

பட்டறைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. வளைவில் ஒரேயடியாகச் சாய்கிறது என்று அதன் சொந்தக்காரர் புலம்பினார். கெட்டியான ஸ்பிரிங் மாட்டினேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வளைவில் வண்டி துளிகூடச் சாயவில்லை. என் தோள்தான் தானாகத் தாழ்ந்தது.

"வண்டியே நேரா போகுது, நீ எதுக்குய்யா சாயுற?" என்று சிரித்தார்.

"பழக்கம் சார்" என்றேன். பஸ் வளையும்போதெல்லாம் நீ தூக்கத்தில் என்மேல் சரிவதை அவரிடம் எப்படிச் சொல்வது?

முதலாளி கூப்பிடுகிறார். மாற்றுச் சட்டை போதவில்லை, அலமாரியில் இருக்கும் என் நீலச் சட்டையை அனுப்பு. தோளில் உன் தலையெண்ணெய்க் கறை இருக்கும். துவைத்துவிடாதே.