தகரச் சத்தம் அடங்கிய பிறகு

பாகூர் ஏரிக்கரையில் தகரம் தட்டுகிறார்கள். கரும்பில் பன்றி இறங்கிவிட்டதாம். கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பாய்.

உன் தம்பி அந்தோணி கரும்புக்குள் காணாமல் போன மாலையும் இதே சத்தம்தான். வளர்ந்த உடம்பு, குழந்தை மனசு அவனுக்கு. ஊரே தேட வந்தது. நல்லவர்கள். ஆளுக்கொரு தகரம், ஆளுக்கொரு கூச்சல். கரும்புக்குள் இறங்குவதென்றால் பன்றி விரட்டிய கைகளுக்கு அது ஒன்றுதான் தெரியும். அவனோ மாதா கோயில் வெடிக்கே கட்டிலடியில் ஒளிகிறவன். உன் சைக்கிள் மணிக்கு மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருவான். அன்று யாரும் அதை அடிக்கவில்லை. சத்தம் நெருங்க நெருங்க விலகிப் போயிருக்கிறான். மறுநாள் ஏரி மதகடியில் கிடந்தான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சொன்னாய்: "நாம தேடலடா. வெரட்டினோம்."

பிறகு உனக்கு வேறு பேச்சே இல்லை. "ஒருத்தன் கூப்பிடணும். மத்தவன்லாம் சுத்தி வாய மூடிக்கினு நிக்கணும். கூப்பிட்டுட்டு காது குடுக்கணும்." டீக்கடையில் சிரித்தார்கள். "இன்னாபா, காணாமப் போனவனுக்கு மௌன அஞ்சலியா?"

அடுத்த வருஷம், ஞாபகம் மங்கிய மாட்டுவண்டிக்காரப் பெரியவர் ஒருவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். தகரத்தோடு வந்தவர்களைக் கும்பிட்டு நிறுத்தினாய். அவருடைய மாடுகளையே அவிழ்த்து வரச் சொன்னாய். கழுத்து மணி ஒலிக்க வரப்பில் நடத்தினாய். நிறுத்தினாய். கேட்டாய். மறுபடி நடத்தினாய்.

கரும்புத் தோகை சலசலத்தது.

"எவன்டா என் மாட்ட இப்பிடி ஓட்டறது? மாடு ஓட்டற மூஞ்சா இது?" திட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகள் அழுதாள். நீ போய் உன் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தாய். கரும்பைப் பார்த்தபடி நின்றாய். சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. வாசலில் சைக்கிள் நிற்பதைப் பார்க்க முடியாமல் உன் அம்மா அதை என்னிடம் தந்துவிட்டார். ஊரில் யாரேனும் காணாமல் போனால் இப்போது முதலில் கேட்கிறார்கள்: "யாரு கூப்பிட்டா வருவாரு?" யார் பழக்கியது என்று பலருக்குத் தெரியாது.

உன் சைக்கிளில் மணியடித்தால் நான் உடனே மிதிப்பதில்லை. காலைத் தரையில் ஊன்றி, கொஞ்ச நேரம் நின்று கேட்கிறேன்.