ஓசோன் வைத்த வீடு

மார்ச் 4
அவருடைய சட்டை இன்னும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. துவைக்கவில்லை. சிகரெட், வியர்வை, முட்டி வலித் தைலம். இருந்தவரை மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியவள் நான். இப்போது எழுந்ததும் அதில்தான் முகம் புதைக்கிறேன்.

மார்ச் 9
மகன் குடும்பத்தோடு இங்கேயே வருகிறான். பேத்திக்கு மூச்சிரைப்பு.
"சுவரெல்லாம் அப்பாவோட சிகரெட் நாத்தம்மா. குழந்தைக்கு ஆகாது. மெஷின் வெச்சு எடுத்துடலாம்."
சரி என்றேன். போனவருக்காகக் குழந்தையை இருமவிட முடியுமா?

மார்ச் 12
மெஷின்காரருக்கு வாய் ஓயவில்லை.
"இந்த மெஷின் ஓசோன் வாயுவ விடும்மா. ஆக்சிஜன்ல அணு ரெண்டு, ஓசோன்ல மூணு. மூணாவது ஓரிடத்துல நிக்காது. நாத்தத்தப் புடிச்சுக் கரைச்சுட்டுத் தானும் போயிடும். வானத்துல இருந்தா வெயிலுக்குக் குடை. இங்க மூச்சுல போனா நெஞ்சு எரியும், யாரும் உள்ள இருக்காதீங்க. செடி, ரப்பர் சாமானெல்லாம் வெளிய வெச்சிடுங்க, ரப்பர் வெடிச்சுப் போயிடும்."
ஓசோன் என்ற பெயருக்கே மணம் என்றுதான் அர்த்தமாம்.
செடிகளைப் பால்கனியில் வைத்தேன். வெந்நீர்ப் பை, அவர் முட்டியில் மாட்டும் ரப்பர் பட்டை, எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அங்கேயே போட்டேன். மகனும் நானும் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தோம்.

மார்ச் 13
இடி மின்னல் ஓய்ந்தது போல வீட்டில் ஒரு வாடை. ஜன்னலைத் திறந்ததும் அதுவும் போயிற்று.
கதவுக்குப் பின்னால் போனேன்.
வெறும் துணி.
நாற்றத்தை எடுக்கும் என்றார். சட்டையில் இருந்ததை நான் நாற்றமாக நினைக்கவே இல்லையே — பாழாப்போன புத்தி. செடிய எடுத்தேன், வெந்நீர்ப் பைய எடுத்தேன், இவர விட்டுட்டேனே.

மார்ச் 14
மகன் என்னவென்று கேட்டான். தலைவலி என்றேன்.

மார்ச் 20
பேத்தி இரவெல்லாம் இருமாமல் தூங்கினாள். மருமகளுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மகனிடம் முகம் கொடுத்துப் பேச வரவில்லை. அவன் என்ன செய்வான்? தெரியும். வரவில்லை.

மார்ச் 22
மதியம் துணி மடித்து வைக்கப் போனேன். கதவுக்குப் பின்னால் மகன். அந்தச் சட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.
"எதுலயுமே இல்லம்மா. அலமாரியெல்லாம் பாத்துட்டேன். இத எடுத்து வெக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."
இவனையா இத்தனை நாள் மனசுக்குள் வைதுகொண்டிருந்தேன்?
சட்டென்று பால்கனிப் பை நினைவுக்கு வந்தது. கட்டு அவிழாமல் கிடந்தது. அவிழ்த்தேன். முட்டிப் பட்டையில் தைலம், வியர்வை, கொஞ்சம் சிகரெட். அவர்தான்.
அவனிடம் நீட்டினேன். முகர்ந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா போன அன்றுகூட அழாதவன். தலையைத் தடவிக்கொண்டே நானும் அழுதேன்.
"திறந்தே வெச்சா தீந்துடும்டா," என்றேன்.
பட்டையைப் பையில் போட்டு அவனே இறுக்கி முடிச்சுப் போட்டான்.